கொலுவுக்கு வந்த வண்டி

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பராமரிப்பு பில்லில் கடைசி வரியாக அது இருந்தது. தண்ணீர், லிஃப்ட், காவலாளி சம்பளம், மாடிப்படி விளக்கு என்று வழக்கமான வரிகளுக்குக் கீழே, மராத்தியில், கையால் எழுதிச் சேர்த்திருந்தார்கள்: வியாபாரத்துக்காக வெளி வண்டிகளை நிறுத்தியதற்குக் கட்டணம். தொகை எங்கள் வீட்டு ஒரு மாத மளிகையை விடக் கொஞ்சம் கூடுதல். அடுப்படியில் நின்றபடி அதைப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதற்கும் சேர்த்து எங்கள் சொசைட்டி செயலாளரைத் திட்டினேன்.

நாங்கள் அப்போது நிகடியில் குன்றுச் சரிவில் இருந்த ஒரு குடியிருப்பில் வீடு வாங்கிப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழிந்திருந்த சமயம். கேட் கீழே ரோட்டோரம். அங்கிருந்து கட்டடத்துக்கு மூச்சு வாங்க வைக்கும் ஒரு மேடு ஏறி வரவேண்டும். மேலே லிஃப்டுக்குப் பக்கத்தில் விருந்தாளிகளின் வண்டிக்கென்று மஞ்சள் கோடு போட்ட இடம். அந்த மஞ்சள் கோட்டுக்காகத்தான் இத்தனை வம்பும்.

என் கணவர் போசரியில் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும் முன்பே பில்லை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "கட்டித் தொலைச்சுடு. அதே ஜனங்க முகத்துலதான தினம் முழிக்கணும்" என்றார். பம்பில் மயிரிழை விரிசல் இருந்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுகிற மனிதர். வீட்டு விஷயம் என்றால் மட்டும் எல்லாவற்றையும் பாஸ் பண்ணிவிடுவார்.

கட்டியிருக்கலாம், பணம் இல்லாமல் இல்லை. ஆனால் கட்டினால் நான் வீட்டில் கடை நடத்துகிறேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்புறம் தேஹு ரோட்டிலிருந்து அத்தை வரும் ஒவ்வொரு தடவையும் அந்த வரி பில்லில் ஏறும். பில் ஏறுகிறது என்று தெரிந்தால் அத்தை வரமாட்டாள். எனக்கு வேண்டியதெல்லாம் அத்தையின் வண்டி கேட்டைத் தாண்டி லிஃப்ட் வரைக்கும் வருவதுதான்.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. என் அப்பா தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வேலை பார்த்தார். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு அத்தையுடையது. அவள் புருஷனும் அதே கிடங்கில் மூட்டை தூக்கியவர். நான் சிறுமியாக இருந்தபோது, மாற்றலாகிப் போன ஒரு தமிழ் அதிகாரியின் மனைவி, கொண்டுபோக முடியாது என்று தன் கொலு பொம்மைகளை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை எங்கள் வரிசையில் யார் வீட்டிலும் கொலு வைத்ததில்லை. அம்மா இரும்புப் பெட்டிகளை அடுக்கி, வேட்டியை விரித்துப் படி கட்டினாள். அடுத்த வருடத்திலிருந்து வரிசையில் இருந்த பெண்கள் ஆளுக்கொரு பொம்மை கொண்டுவந்து வைத்தார்கள். ஒருத்தி பிளாஸ்டிக் கிரிக்கெட் வீரர்களை வைத்தாள். அத்தை ஆஷாட ஏகாதசிக் கடைத்தெருவில் வாங்கிய விட்டல்-ருக்மிணியை வைத்தாள். அந்த ஜோடியை மூன்றாம் படிக்குக் கீழே இறக்க அவள் விடமாட்டாள்.

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸ் போயிற்று. அம்மாவும் போன பிறகு பொம்மைப் பெட்டிகள் என்னிடம் வந்தன. என் வீட்டில் கொலு என்றாலும் அது என்னுடைய கொலு இல்லை. பாதி பொம்மை அவர்களுடையது. நவராத்திரியில் அவர்கள் வந்து பார்ப்பது விருந்தாளி வருவது போல அல்ல, தங்கள் சாமானைத் தாங்கள் வந்து பார்ப்பதுதான்.

அந்த வருடமும் அப்படித்தான் வந்தார்கள். பழைய மும்பை நெடுஞ்சாலையில் ஓடும் மூன்று சக்கர சிக்ஸ் சீட்டர் வண்டியை வாடகைக்குப் பேசி, ஆறு பேர் உட்கார வேண்டியதில் பத்துப் பேர் அடைத்துக்கொண்டு, புகையும் சத்தமுமாக மேடு ஏறி வந்து லிஃப்டுக்கு எதிரே நின்றார்கள். அத்தைக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. அவளை இறக்கவே இரண்டு பேர் வேண்டும். டிரைவர் அதே பேட்டையில் இருக்கும் மராத்திக்காரர். மஞ்சள் கோட்டுக்குள் வண்டியை நிறுத்திவிட்டு, நான் அனுப்பிய சுண்டலைத் தின்றபடி காத்திருந்தார். மேலே இவர்கள் பாடினார்கள், கிண்டலடித்தார்கள், என் கொலுப்படியைக் குறை சொன்னார்கள். போகும்போது ஆளுக்கொரு தாம்பூலப் பை. தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு ரவிக்கைத் துணி. துணியை மொத்தமாகப் பிம்ப்ரி மார்க்கெட்டில் வாங்கியிருந்தேன். கடைக்காரர் பைகளையும் சும்மா கொடுத்திருந்தார். பையின்மேல் அந்தப் புடவைக் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. நம்மில் யார் வீட்டில்தான் தாம்பூலப் பையில் கடைப் பெயர் இல்லை?

ஒன்பது நாளும் யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். போசரியில் என் கணவரோடு வேலை பார்ப்பவர்களின் மனைவிமார், என் பள்ளித் தோழிகள், இரண்டாம் முறையாகத் தேஹு ரோடு கோஷ்டி. எல்லோரும் வெறுங்கையோடு ஏறினார்கள், புடவைக் கடைப் பையோடு இறங்கினார்கள்.

முதல் நாள் வந்தவர்களில் ஒரு சென்னைத் தம்பதியும் உண்டு. எங்கள் கட்டடத்திலேயே மூன்றாம் மாடி. அவர் ஹிஞ்சவடியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தார். கட்டடத்தில் எங்களைத் தவிர தமிழ் பேசும் குடும்பம் அது ஒன்றுதான் என்பதால் நானே போய்க் குங்குமம் கொடுத்து அழைத்தேன். அந்தப் பெண் சின்ன வயசு, சாதுவாக இருந்தாள். அவர் படிகளை ஏற இறங்கப் பார்த்தார். கிரிக்கெட் வீரர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"மேடம், உங்களுக்கு நேட்டிவ் எது?"

"தேஹு ரோடு."

"இல்ல, தமிழ்நாட்டுல?"

"அப்பா ஆற்காட்டுப் பக்கம்."

"ஓ" என்றார். "உங்கள்ல கொலு வைக்கிற வழக்கம் உண்டா?"

அந்த "உங்கள்ல" எங்கே போய்க் குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. வீட்டுக்கு வந்தவரை என்ன சொல்வது? இன்னொரு கிண்ணம் சுண்டல் கொடுத்தேன். அதையும் சாப்பிட்டார்.

பில் வந்த அன்று இரவே செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வங்கிக் கவுண்டரை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார் போலிருக்கும், எப்போதும் அதற்குப் பின்னாலிருந்துதான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூட்டத்தில் எழுத்து மூலம் கொடுங்கள் என்றார். கூட்டம் தீபாவளி கழிந்துதான் என்றார். அதுவரை? "அதுவரை உங்கள் வீட்டுக்கு வரும் வண்டிகள் கேட்டிலேயே நிற்கும். பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அதுதான் விதி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மறுநாள் நோட்டீஸ் போர்டில் எங்கள் வீட்டு எண் தொங்கியது.

தீபாவளிக்கு மறுநாள் போன் மணி அடித்தது. கேட்டுக்கு எதிரே உள்ள பூத்திலிருந்து அத்தை.

"இன்னாடி இது? உங்க வாட்ச்மேன் வண்டிய உள்ள உடமாட்டேன்றான். கேட்டா பாக்கின்றான். இன்னா பாக்கி வச்சிக்கிற நீ?"

ஓடினேன். அத்தை வண்டிக்குள் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். பூத்துக்காரனே போன் ஒயரை இழுத்து வண்டி வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தானாம். காவலாளியிடம் கத்தினேன். அவன் மேலிடத்து உத்தரவு என்று கையை விரித்தான். அத்தையை நடத்திக் கூட்டிப்போகலாமா என்று மேட்டைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"அந்த மேட்ட ஏற என்னால ஆவாது" என்றாள். மடியில் வைத்திருந்த முறுக்கு டப்பாவை வண்டியின் பக்கவாட்டுக் கம்பி வழியாக நீட்டினாள். "புடி. சூடா இருக்க சொல்ல எட்தாந்தேன். சலோ, நான் போறேன். கண்ணுல தண்ணி உடாத, ரோட்ல நிக்கற."

நான் அழவில்லை. அவள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டி திரும்பிப் போனதும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு அந்த மேட்டை ஏறினேன். ஏறும்போது ஒவ்வொரு ஜன்னலையும் பார்த்துச் சபித்தேன். இன்றைக்கும் அதற்காக வருத்தப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கீழே தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் உள்ள கமிட்டி அறைக்குப் போனேன். கணவர் வரவில்லை. அவருக்கு அன்றைக்கென்று பார்த்து ஸ்கூட்டர் கழுவ வேண்டியிருந்தது. உள்ளே ஐந்து பேர், ஐந்து நாற்காலி. எனக்கு ஒன்று போடுவார்களா என்று பார்த்தேன். போடவில்லை. செயலாளர் என்னிடம் ஹிந்தியில், ஒவ்வொரு வார்த்தையாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி பேச ஆரம்பித்தார்.

"மராத்தியிலேயே பேசுங்கள். நான் தேஹு ரோட்டில் மராத்திப் பள்ளியில் படித்தவள்" என்றேன் மராத்தியில்.

அறை கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வியாபாரம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். தினம் சாயங்காலம் பெண்கள் வருகிறார்கள், துணிக்கடைப் பையோடு போகிறார்கள், பையில் துணி இருக்கிறது, காவலாளியே பார்த்திருக்கிறான் என்றார் ஒருவர். நான் செயலாளரை நேராகப் பார்த்தேன்.

"சங்கராந்திக்கு உங்கள் வீட்டில் ஹள்தி குங்கு என்று மஞ்சள் குங்குமத்துக்கு அழைத்தீர்களே, கட்டடம் பூராவும் வந்தோமே. வாசல் முழுக்க வண்டி. உங்கள் மனைவி எல்லோருக்கும் எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தார். என் வீட்டில் அந்தக் கிண்ணத்தில்தான் தயிர் இருக்கிறது. அது பாத்திர வியாபாரமா?"

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். செயலாளர் சிவந்தார். ஆனால் அடுத்து அவர் சொன்னது நான் எதிர்பார்க்காதது.

"தாயி, நாங்களும் ஹள்தி குங்கு என்றுதான் நினைத்தோம். நம் பெண்கள் செய்வது போல ஏதோ ஒன்று, விட்டுவிடலாம் என்றுதான் இருந்தோம். ஆனால் மூன்றாம் மாடியில் இருக்கும் உங்கள் ஊர்க்காரரே வந்து புகார் சொன்னார். அவருடைய அப்பா அம்மாவை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்த கார் நவராத்திரியில் ஒரு நாள் நிற்க இடமில்லை, அந்த சிக்ஸ் சீட்டர் நின்றதாம். இது உங்கள் பக்கத்துப் பழக்கமா என்று நாங்கள் கேட்டோம். இல்லை, எங்களில் இப்படிக் கூட்டம் கூட்டமாக வரமாட்டார்கள், இந்த ஜனங்கள் வேறு, ஏதோ வியாபாரமாக இருக்கும் என்றார். தமிழரே சொல்லும்போது நாங்கள் என்ன செய்வது?"

இத்தனை நாள் இவர்கள் மேல் கொட்டிய வசவெல்லாம் விலாசம் மாறிப் போயிருந்தது தெரிந்தது. இப்போது வந்த கோபத்துக்கு முன்னால் பழைய கோபம் ஒன்றுமே இல்லை. மராத்திக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். என் வீட்டில் உட்கார்ந்து சுண்டல் தின்ற மனிதனுக்குத் தெரியாதா கொலு என்றால் என்ன என்று?

"அவரைக் கூப்பிடுங்கள். வந்த பிறகுதான் நான் இங்கிருந்து நகர்வேன்" என்றேன்.

கூப்பிட்டார்கள். அரை டிரவுசரோடு, கையில் காபி டம்ளரோடு வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. நான் தமிழில் ஆரம்பித்தேன். மற்றவர்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை, அவருக்குப் புரிய வேண்டும்.

"கொலுவை வியாபாரம்னு சொன்னீங்களாமே."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பக்கத்துல இந்த மாதிரி ஆட்டோ ஆட்டோவா வரமாட்டாங்கன்னு, ஜெனரலா..."

"என் வீட்ல சுண்டல் சாப்பிட்டீங்க. காசு வாங்கினேனா?"

"இல்ல மேடம்."

"உங்க வீட்டம்மாவுக்குப் பை குடுத்தேன். அதுக்கு?"

"இல்ல."

"அப்புறம் எது வியாபாரம்? அவங்க வந்தது சிக்ஸ் சீட்டர்ல. அதுதான உங்களுக்குப் பிரச்சினை? கார்ல வந்திருந்தா அது கொலு. சிக்ஸ் சீட்டர்ல வந்தா கடை. அதான?"

அவர் டம்ளரைக் கை மாற்றிக்கொண்டார். காபி ஆறி ஏடு கட்டியது.

"இதை இவங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றேன். "நான் மராத்தியில சொன்னா நம்பமாட்டாங்க. உங்க இங்கிலீஷைத்தான் நம்பறாங்க."

சொன்னார். இது மத வழக்கம்தான், தான் சரியாகக் கவனிக்கவில்லை, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டுவிட்டது என்று ஆங்கிலத்தில் பூசி மெழுகினார். சிறு வயதிலிருந்து மராத்தி பேசும் எனக்குக் கிடைக்காத தலையாட்டல் அந்த இங்கிலீஷுக்கு உடனே கிடைத்தது. செயலாளர் என் பில்லை வாங்கி, கடைசி வரியைக் கோடு போட்டு அடித்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். போர்டிலிருந்து எங்கள் எண்ணை எடுத்துவிடச் சொன்னார். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"கட்டணம் போயிற்று, தாயி" என்றார் செயலாளர். "ஆனால் சிக்ஸ் சீட்டர் விஷயம் தனி. புகை, சத்தம், எண்ணெய்க் கறை. இனிமேல் மூன்று சக்கர வண்டி எதுவானாலும் கேட்டோடு நிற்க வேண்டும். எல்லா வீட்டுக்கும் ஒரே விதி. உங்களுக்கென்று இல்லை."

முழங்கால் போன கிழவி ஒருத்தி வருகிறாள், மேட்டை ஏற முடியாது என்றேன். காரில் வந்தால் யார் தடுக்கப் போகிறார்கள் என்றார். தேஹு ரோட்டு லைனில் யாரிடம் கார் இருக்கிறது என்று கேட்டேன். அவர் கமிட்டிப் பக்கம் திரும்பினார். ஒப்புக்கொள்பவர்கள் கை தூக்கலாம் என்றார். ஐந்து பேரும் தூக்கினார்கள். கமிட்டியிலேயே இல்லாத மூன்றாம் மாடிக்காரரும், காபி டம்ளர் இல்லாத கையைத் தூக்கினார்.

விடவில்லை நான். கூட்டுறவுச் சங்கப் பதிவாளர் அலுவலகம் வரைக்கும் போனேன். அங்கிருந்த குமாஸ்தா, அடிக்கப்பட்ட பில்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கட்டணத்தைத்தான் ரத்து செய்துவிட்டார்களே, அப்புறம் என்ன புகார்?" என்று கேட்டார். வண்டி எங்கே நிற்கவேண்டும் என்று சொல்ல சொசைட்டிக்கு உரிமை உண்டாம். கட்டணம் இருந்தவரைக்கும் சண்டை போட எனக்கு ஒரு காகிதம் இருந்தது. ஜெயித்ததும் அதுவும் போயிற்று.

என் கணவர் மட்டும் சந்தோஷப்பட்டார். "பார்த்தியா, பணம் மிச்சம்" என்றார். அன்றைக்கு அவருக்குத் தயிர் சாதம்தான். எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, ணங்கென்று முன்னால் வைத்தேன்.

அடுத்த நவராத்திரிக்குப் பத்து நாள் முன்பு அத்தையைப் பார்க்கப் போனேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. விஷயத்தை இழுத்து இழுத்துச் சொன்னேன். அவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

"பொம்மைங்கள இங்க எட்தாந்துடு. இங்க கேட்டும் இல்ல, மேடும் இல்ல. நீ வா, உன் வூட்டுக்காரன இட்டாந்துக்கோ. வண்டிய எங்க வேணா உடு, எவன் கேக்கறான்."

அமாவாசைக்கு முந்தின நாள் ஒரு டெம்போ பேசினேன். நான்கு சக்கரம், அதனால் காவலாளி உள்ளே விட்டான். மஞ்சள் கோட்டுக்குள் வேண்டுமென்றே குறுக்காக நிறுத்தச் சொன்னேன். கடைசிப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது லிஃப்ட் திறந்தது. மூன்றாம் மாடிப் பெண். பட்டுப் புடவை, கையில் வெள்ளிக் குங்குமச் சிமிழ்.

"ஆன்ட்டி, இந்த வருஷம் நாங்க கொலு வைக்கறோம். மாமியார் வந்திருக்காங்க. பில்டிங்ல நம்மவங்க நீங்க ஒருத்தர்தான். ஒன்பது நாளும் வந்துடணும்."

அவள் மேல் எனக்கு ஒன்றுமில்லை. தேடி வந்த குங்குமத்தை மறுக்கவும் எனக்குக் கை வராது. எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். டெம்போவில் ஏறிய பெட்டிகளை அவள் அப்போதுதான் பார்த்தாள். அதில் ஒன்று சரியாக மூடவில்லை. வைக்கோலுக்கு வெளியே விட்டலின் தொப்பி தெரிந்தது.

"வர்றேம்மா" என்றேன். "ஆனா தனியா வரமாட்டேன். தேஹு ரோட்லேர்ந்து பத்துப் பேர் வருவாங்க, சிக்ஸ் சீட்டர்ல. அதுல ஒருத்தருக்கு மேடு ஏற முடியாது. வண்டிய எங்க நிறுத்தறதுன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் கேட்டுச் சொல்லு."

அவள் சிமிழை மூடினாள். "கேட்டுச் சொல்றேன் ஆன்ட்டி" என்றாள், மெதுவாக.

நான் டெம்போவில் ஏறி, விட்டலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தேஹு ரோட்டுக்குப் போனேன். ஒன்பது நாளும் முடிந்து, பொம்மைகளைப் படுக்க வைத்தும் ஆயிற்று. அவள் கேட்டுச் சொல்லவே இல்லை.